பைத்தான் மொழியின் பழைய பதிப்பும் அதனைக் கைவிட்ட வரலாறும்

நூலாசிரியன் ஒருவன் தன் நூலை இரண்டாமுறை திருத்தி அச்சிடுவானாயின், முதற் பதிப்பை விலைகொடுத்து வாங்கி வைத்திருப்போர்க்கு அதனால் வருங் கேடு ஒன்றுமில்லை. அப்பழைய நூல் அலமாரியில் இருந்தபடியே இருக்கும். எடுத்தவர்க்கு முன்போலவே பயன்படும். கணிப்பொறிக்கு ஏவல் எழுதும் நிரல்மொழிகளின் பதிப்போ அத்தன்மைத்தன்று. மொழியின் ஒரு பதிப்பு வழக்கொழியுமாயின், அதில் எழுதப்பட்ட நிரல்களும், அந்நிரல்களை நம்பி எழுந்த வேறு நிரல்களும், அவற்றைக்கொண்டு கணக்கெழுதும் அலுவலகங்களும் ஒருங்கே அசையும். இவ்வசைவு எவ்வாறு நேர்கின்றது, அதன் சுமையைத் தாங்குவார் யாவர், பழையதைக் கைவிடுதல் எப்பொழுது முறையாகும் என்பனவற்றைப் பைத்தான் மொழியின் வரலாறு கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம். நம் மாணாக்கருட் பலர் முதன்முதற் கற்பது அம்மொழியே ஆதலின் அதனைத் தேர்ந்தேன்.

பைத்தான், ஆலந்து தேசத்தவராகிய குவிடோ வான் ரோசம் என்பவரால் 1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கப்பெற்று, 1991-இல் வெளிப்போந்தது. பெயரைக் கண்டு பாம்பை நினைப்பார் பலர்; அஃது ஆங்கில நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரினின்று எடுக்கப்பட்டது. இது திறமூல மென்பொருளாகும். அதாவது, மொழியை இயக்கும் மூலநிரல் யாவருங் காணவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரியது, விலை இல்லை. விலை இல்லையாகவே, வாங்கினவன் விற்றவனைக் கேட்பதுபோல, 'இதனை என்றும் செப்பனிட்டுத் தருக' என்று கேட்கும் உரிமையும் ஒருவர்க்கும் இல்லை. இவ்வொன்றை நினைவில் வைத்து மேற்செல்வோமாக.

இரண்டாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது பரவப் பரவ, மொழியின் அடிப்படையிலேயே அமைந்துவிட்ட சில குற்றங்கள் புலனாயின. அவற்றைச் சிறு சிறு திருத்தங்களால் நீக்குதல் இயலாதெனக் கண்டு, பழைய நிரல்கள் அப்படியே இயங்கா என்பதை அறிந்தே, 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். மாறியவை பல. அச்சிடும் ஏவலுக்கு அடைப்புக்குறி வேண்டும் என்பது போன்றன எளியன. எழுதினோன் ஒரு பிற்பகலில் திருத்திக்கொள்வான். எஞ்சியவற்றுள் இரண்டை மட்டும் விரித்துரைப்பேன்.

முதலாவது, வகுத்தல். பழைய பைத்தானில் முழுவெண்ணை முழுவெண்ணால் வகுத்தால் விடையும் முழுவெண்ணாகவே வரும். பின்னம் சொல்லாமல் விழுந்துவிடும். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்று. புதியதில் மூன்றரை. இதனால் என்ன கேடு என்பீராயின், என் அனுபவத்தையே சொல்லுகின்றேன். பல்லாண்டுகட்குமுன், வேறோரிடத்திற் பணியாற்றியபொழுது, மூன்று தேர்வுகளின் சராசரியைக் கணிக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். மாணவன் ஒருவன் பெற்ற எண்கள் 41, 38, 40. கூட்டுத்தொகை 119. தேர்ச்சிக்கு 40 வேண்டும். அரைக்கு மேற்பட்ட பின்னத்தை ஒன்றாகக் கொள்ளலாம் என்பது அங்கு விதி. என் நிரல் 39 என்று எழுதி, அவன் பெயருக்கு நேரே தோல்வி என்று குறித்தது. நான்கு நாட்கழித்து அவன் ஒரு துண்டுத் தாளில் கையால் வகுத்த கணக்கோடு என் அறைவாயிலில் வந்து நின்றான். அதில் 39.67 என்றிருந்தது. அவன் கணக்கே சரி. 2001-இல் வந்த 2.2-ஆம் பதிப்பிலேயே புதிய வகுத்தல் முறையை விரும்புவோர் ஓர் வரியால் வேண்டிப் பெறலாம் என்று வைத்திருந்தனர். அதனைப் படித்தும் பொருட்படுத்தாது விட்டவன் நான். குறிப்பேடு திருத்தப்பட்டது. ஆயினும் அந்நான்கு நாட்களை அவன் வீட்டில் எவ்வாறு கழித்தான் என்று நான் கேட்கத் துணியவில்லை.

இரண்டாவது, எழுத்து. இது நம் தமிழுக்கு நெருங்கிய தொடர்புடையது. பழைய பைத்தானில் சாதாரணச் சொற்றொடர் என்பது உண்மையில் எழுத்துக்களின் வரிசையன்று, பைட்டுகளின் வரிசை. 'தமிழ்' என்னுஞ் சொல்லை இக்காலத்துப் பெருவழக்கான யூ.டி.எப்.-8 முறையில் எழுதி, அதன் நீளம் யாது என்று அதனைக் கேட்டால், 15 என்னும். புதிய பைத்தான் 5 என்னும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என யூனிகோடு அட்டவணை ஐந்தாகப் பிரித்து வைத்திருப்பதால். நம் கண்ணுக்கோ எழுத்து மூன்றே. ஐந்தும் நம் இலக்கணத்தோடு ஒத்ததன்று எனினும், ஐந்தை மூன்றாக்க ஒரு சிறு விதி போதும். பதினைந்தைக்கொண்டு தொடங்குவானுக்கு இடர் பெரிது: சொல்லின் நடுவில் வெட்டினால் எழுத்தே சிதைந்துபோகும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பழைய பைத்தானில் யூனிகோடுச் சொற்றொடர் என வேறொரு வகையும் இருந்தது. பைட்டுத் தொடரோடு அதனை ஒட்டினால், இரண்டும் ஆங்கில எழுத்தாய் இருக்கும்வரை யாதொரு முறையீடுமின்றி ஒட்டிக்கொள்ளும். பைட்டுத் தொடரில் ஒரு தமிழெழுத்து வந்தமாத்திரத்தில் நிரல் முறிந்து வீழும். ஆகவே நிரலை ஆக்கினோன் தன் மேசையில் ஆங்கிலப் பெயர்களைக்கொண்டு சோதித்துத் திருப்தியுறுவான், ஆண்டுகள் பல அது செவ்வையாய் நடக்கும், ஒருநாள் ஒருவர் தம் பெயரைத் தமிழில் எழுதுவார், அன்று நிற்கும். பிழை எழுதினவனுடையது, இடர் பெயருடையவர்க்கு! மூன்றாம் பதிப்பு இவ்விரு வகையையும் ஒட்டவே விடுவதில்லை. ஆங்கிலமாயினும் தமிழாயினும் முதல் நாளிலேயே தவறு என்று சொல்லிவிடும். மூன்றாம் பதிப்பைப்பற்றி எவர் என்ன குறை கூறினும், இவ்வொரு மாற்றத்திற்காகவே அது வந்திருக்க வேண்டுமென்பது என் துணிபு.

நிற்க. பதிப்பு வெளிவந்துவிட்டதே, மக்கள் மாறினரோவெனின், மாறிலர். நிரல் எழுதுவோன் பிறர் ஆக்கிய நூலகங்கள் பலவற்றை எடுத்தாளுகின்றான். அவை மாறாதவரை அவன் மாறவியலாது. நூலகம் ஆக்கினோரோ, 'எம்மை எடுத்தாளுவோர் அனைவரும் பழையதிலன்றோ இருக்கின்றனர்' என்றனர். இவ்வாறு ஒருவரையொருவர் நோக்கி நின்றதிற் பல ஆண்டுகள் சென்றன. 2010-இல் வந்த 2.7-ஏ இரண்டாம் வரிசையின் கடைப் பதிப்பு என அறிவித்தனர். அதன் ஆயுள் 2015-உடன் முடியும் என்றிருந்ததை, 2014-இல் 2020 வரை நீட்டினர். புதியதும் ஒருபடி இறங்கி வந்தது: யூனிகோடுச் சொல்லுக்குமுன் பழையோர் இட்டுவந்த அடையாளத்தை, மூன்றில் வேண்டாமென நீக்கியிருந்தும், 2012-இல் வந்த 3.3-இல் மீண்டும் ஏற்றுக்கொண்டனர். இரண்டிலும் இயங்கும் நிரல் எழுத உதவும் நூலகம் ஒன்றும் தோன்றிற்று. அதன் பெயர் 'சிக்ஸ்', அதாவது ஆறு. இரண்டை மூன்றாற் பெருக்கினால் ஆறு என்பது காரணமாம்.

இரண்டையும் ஒருங்கே தாங்குதல் எளிதன்று. ஒரு நூலகத்தைப் பேணுவார் மொழியின் மூன்று பதிப்பு, இயக்கமுறைமை மூன்று, துணைநூலகத்தின் பதிப்பு இரண்டு என ஏற்றுக்கொண்டால், ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் பதினெட்டு வகையிற் சோதித்தல் வேண்டும். புதிய பதிப்பிலுள்ள நயங்களை எடுத்தாளவும் இயலாது; பழையது அதனை அறியாதாகலின். இவற்றைச் செய்வோரிற் பலர் ஊதியமின்றி, பகற்பணி முடித்து, இரவில் அமர்ந்து செய்பவர். அவர் செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் புதிய பிழையொன்றைத் தீர்க்கப் பயன்படாத நாழிகையே.

ஆதலின் ஒருவர்பின் ஒருவராக அறிவித்து விலகலாயினர். ஐபைத்தான் 2017-இல் வந்த தன் 6-ஆம் பதிப்பில் விலகிற்று. வலைத்தளம் அமைக்கும் ஜாங்கோ அவ்வாண்டு டிசம்பரில் விலகிற்று. எனினும் பழையோர்க்கென 1.11-ஆம் பதிப்பை 2020 ஏப்ரல் வரை பேணிற்று. எண்கணிதத்திற்குரிய நம்பை, 2017-இலேயே நாள் குறித்துச் சொல்லிவிட்டு, 2019 ஜனவரியில் வந்த 1.16-உடன் நிறுத்திற்று, அப்பதிப்புக்கும் அவ்வாண்டு முடியுமளவும் பிழைதிருத்தம் அளித்தது. மொழியின் ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு ஒழிந்தது. இறுதித் திருத்தமாகிய 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது.

இவ்விலகலைத் தீங்கின்றி நடத்தியது மிகச் சிறிய கருவியொன்று. நூலகத்தின் ஒவ்வொரு பதிப்பிலும், 'இஃது இன்ன பைத்தானுக்கு உரியது' என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். 2016-இல் வந்த பிப் என்னும் நிறுவுகருவியின் 9-ஆம் பதிப்பு அவ்வரியைப் படிக்கும். பழைய மொழியுடையான் நூலகத்தைக் கேட்டால், அவனுக்கு ஒவ்வாத புதியதைக் கொடுத்து நிரலை முறிக்காமல், ஒத்த பழையவற்றுள் கடைசியானதைக் கொடுக்கும். வழக்கொழிதல் வேறு, பறித்துக்கொள்ளுதல் வேறு என்பதனை இக்கருவி செயலில் காட்டிற்று. திறமூல நிரல் பேணுவோர் விலகுமுன் எழுதவேண்டிய முதல் வரி இதுவே. இதனை எழுதாது விலகினோரால் நேர்ந்த துன்பமே பெரிது.

பழையதையே வைத்திருப்போம் என்பார்க்கு என்ன குறை எனின், பின்னர்க் காணப்படும் பாதுகாப்புக் குறைகளைத் தீர்ப்பார் இலர் என்பதே. ரெட்ஹாட் போன்ற நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கு 2.7-ஐ 2024 ஜூன் வரை பேணித் தந்தன. பொருளுடையார்க்கு அவ்வழி இருந்தது. பொருளில்லாத பள்ளியின் பழைய பொறிக்கு அஃதில்லை. அதில் புதிய மொழி ஏறாதும் இருக்கலாம். பேணுவாரின் இரவும் ஏழைப் பள்ளியின் பொறியும் ஒரே தராசில் வைக்கப்படும்பொழுது, நான் பேணுவார் பக்கமே சாய்வேன். அவர் களைத்து அகன்றால் புதியதும் இல்லாதொழியும். ஆனால் முன்னறிவிப்பின்றி விலகுவார்க்கு இச்சாய்வு உரித்தன்று.

இப்பொழுது பைத்தானின் புதுப்பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஐந்தாண்டு. 3.8-இன் ஆயுள் 2024 அக்டோபரிலும், 3.9-இன் ஆயுள் 2025 அக்டோபரிலும் முடிந்தன. நம்பை முதலிய ஆராய்ச்சி நூலகங்கள் 2019-இல் 42 மாதம் எனத் தமக்கோர் எல்லை வகுத்து, பின்னர் அதனை மூன்றாண்டாகக் குறுக்கிக்கொண்டன. மொழியே ஐந்தாண்டு வாழ, நூலகம் மூன்றாண்டில் விலகுதல் எனக்குச் சற்று விரைவாகவே தோன்றுகின்றது. கால அட்டவணை முன்னரே வெளிப்படையாயிருத்தலின் பெருங்குறை கூறுவதற்கில்லை.

என் பழைய சராசரி நிரலை இவ்வாண்டு விடுமுறையில் எடுத்துத் திருத்தினேன். எழுபது வரியுள் மாறவேண்டியவை பதினொன்று. முதலிற் சோதித்த எண்கள் 41, 38, 40.