குளத்து மீனை நிறுத்த வேண்டுமா?

கேள்வி:

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

எங்கள் வீடு வட்டக்கச்சியில் இருக்கிறது. இரணைமடுக்குளத்து மீனை மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டிக் கொண்டுவந்து விற்பார்கள். கிழமைக்கு மூன்று நாலு நாள் திலாப்பியா, சிலவேளை ரோகு, கட்லா, விரால். என் கணவரும் வாய்க்காலில் வீச்சுவலை போடுவார். செட்டிகுளத்தில் இருக்கும் என் மைத்துனருக்குச் சிறுநீரகம் பழுதாகி, இப்போது டயாலிசிஸ் செய்கிறார்கள். குளத்து மீனில் ஊறியிருக்கும் மருந்துதான் காரணம் என்று ஆட்கள் கதைக்கிறார்கள். என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்கு மீன் கொடுக்கவே பயமாக இருக்கிறது. மாமியோ விரால் நல்லது, பிள்ளை பிறந்ததும் சுறாவும் கொடுக்க வேணும் என்கிறா. உப்பும் தேசிப்புளியும் போட்டு ஊறவைத்தால் நஞ்சு போய்விடுமா? சில மீனில் வரும் சேற்று மணம் மருந்தின் மணமா? குளத்து மீனை அடியோடு நிறுத்துவதுதான் நல்லதா?

– ஒரு வாசகி, வட்டக்கச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். மகளுக்கு மீன் கொடுங்கள். எந்த மீன், எந்தத் தண்ணீரில் பிடித்தது, அதில் எந்தப் பகுதி என்ற மூன்றையும் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மதவாச்சி, பதவியா பக்கங்களில் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாவது 1990களில் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு வவுனியா மாவட்டத்தின் சில இடங்களிலும் அந்த நோய் காணப்பட்டது. 2008இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.எம்.ஆர்.எஸ். பண்டாரவும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வட மத்திய மாகாணத்து அரிசியிலும் குளத்துத் திலாப்பியாவிலும் உள்ள கட்மியம் என்ற உலோகத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் கருத்து. பொஸ்பேற்று உரங்களில் கலப்பாக வரும் உலோகம் அது. வயலில் இட்டது மழையோடு குளத்துக்கு இறங்கும் என்பது நியாயமான சந்தேகம்தான். ஊருக்குள் வந்து சேர்ந்தபோது அது "குளத்து மீன் சாப்பிட்டால் கிட்னி போகும்" என்ற கதையாகிவிட்டது.

ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு, நோயாளிகளின் உடலில் கட்மியம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. கூடவே தாமரைக்கிழங்கிலும் புகையிலையிலும் அது அதிகம் இருப்பதையும் காட்டியது. நன்னீர் மீனில் கண்ட உச்ச அளவு, ஐரோப்பிய ஒன்றியம் மீன் தசைக்கு வைத்திருக்கும் எல்லையை ஒட்டியதாகத்தான் இருந்தது. அந்த எல்லை கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 50 மைக்ரோகிராம். இன்று இந்த நோய்க்குக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதும், விவசாய இரசாயனங்களும் சேர்ந்து காரணமாகலாம் என்றே பார்க்கப்படுகிறது. உங்கள் மைத்துனருக்கு எதனால் வந்தது என்பதை அவருடைய கிளினிக்தான் சொல்ல முடியும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் வன்னியிலும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் கட்மியம் வரை தாங்கலாம் என்று சர்வதேச நிபுணர் குழு 2010இல் வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 1250 மைக்ரோகிராம். மீன் ஐரோப்பிய எல்லையைத் தொடும் அளவுக்குக் கெட்டிருக்கிறது என்றே வைப்போம். 200 கிராம் சதை தின்றால் 10 மைக்ரோகிராம் உள்ளே போகும். கிழமைக்கு மூன்று தரம் தின்றாலும் மாதம் 130 அளவில்தான் நிற்கும். பத்தில் ஒரு பங்கு. ஒருநாளும் தவறாமல் தட்டில் விழும் சோற்றிலிருந்தும், வீட்டில் யாராவது சுருட்டோ பீடியோ பற்றினால் அந்தப் புகையிலிருந்தும் சேருவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மகள் இருக்கும் வீட்டுக்குள் புகைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மீனுக்குப் பயப்படுகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. உடலில் இரும்புச்சத்து குறைந்தால், குடல் இரும்பைத் தேடும் வழியிலேயே கட்மியத்தையும் இழுத்துக்கொள்ளும். இரத்தச்சோகையுள்ள பெண், அதே சோற்றிலிருந்து மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கட்மியத்தை உறிஞ்சக்கூடும். சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் எடுக்கும். மீனை நிறுத்தி, சொதியும் சம்பலுமாகக் கர்ப்பிணிப் பிள்ளை சாப்பிட்டால், தப்பிக்க நினைத்த உலோகத்துக்கே வாசலைத் திறந்துவிட்டவர்களாவோம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையை மகள் ஒழுங்காகப் போடுகிறாவா என்று பாருங்கள். தேத்தண்ணியோடு போட வேண்டாம்.

இனி மீனை வெட்டுவது பற்றி. கட்மியம் மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் குடலிலும் செவுளிலும்தான் குவியும். சதையில் மிகக் குறைவு. ஈயம் முள்ளையும் செவுளையும் தேடிப் போகும். ஆகவே மீன் வந்த உடனேயே, குடல் கிழிந்து சதையில் படாதபடி வயிற்றைத் திறந்து, குடல், ஈரல் எல்லாவற்றையும் முழுதாக எடுங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதுதான் மீனின் சிறுநீரகம். விரலாலோ கரண்டி முனையாலோ சுரண்டிக் கழுவுங்கள். செவுளை அடியோடு பிடுங்குங்கள். எடுத்ததை நாய்க்கோ கோழிக்கோ போடாமல் புதையுங்கள். கட்லாவிலும் சாதாக்கெண்டையிலும் வயிற்றுப் பக்கம் கொழுப்பு கட்டியிருந்தால் அதையும் வெட்டி எறியுங்கள். கொழுப்பில் ஒட்டி நிற்கும் பழைய வகைப் பீடைநாசினி எச்சம் அதோடு போகும். டீ.டீ.ரீ. இலங்கையில் 1976இலேயே தடைசெய்யப்பட்டாலும் இலேசில் அழியாத பொருள். செவுள் எடுத்த தலையைப் பெரியவர்கள் எப்போதாவது குழம்பு வைக்கலாம். கர்ப்பிணிக்கும் சின்னப்பிள்ளைக்கும் சதைதான்.

உப்பும் தேசிக்காயும் உலோகத்தை அகற்றாது. அவிப்பதும் பொரிப்பதும் அகற்றாது. நன்றாக வெந்தால் கிருமியும் புழுவும் சாகும், அவ்வளவுதான். ஆனால் தேசிப்புளி சேற்று மணத்தைப் போக்கும், அதற்காகத் தாராளமாகப் போடுங்கள். அந்த மணம் மருந்தின் மணம் இல்லை. தண்ணீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அது. முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அதுவும் இதேதான். ஆளுக்குத் தீங்கு செய்யாது, புளிப்புப் பட்டால் சிதையும். மறுபுறம், மருந்து பட்ட மீனில் மணம் எதுவும் தெரியாமலே இருக்கலாம். மூக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். இன்னொரு சின்ன விடயம்: பழப்புளியோ கொறுக்காயோ விட்ட மீன்கறியை அலுமினியச் சட்டியில் வைத்து மறுநாள் மட்டும் விடாதீர்கள். புளி அலுமினியத்தைக் கரைக்கும். எங்கள் மண்சட்டி இதற்கு மிக நல்லது.

எந்த மீன் என்றால், திலாப்பியாவுக்குத்தான் என் முதல் வாக்கு. 1952இல் இந்த நாட்டுக் குளங்களுக்கு வந்த மீன் அது. பாசி, தாவர எச்சம் தின்று வளர்வது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்க விழுங்க ஏறிக்கொண்டு போகும் பாதரசம் இதில் குறைவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கென்று வெளியிட்ட மீன் பட்டியலில் திலாப்பியா முதல் தரத்தில் இருக்கிறது, கிழமைக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிடலாம் என்கிறார்கள். ரோகு, மிருகால், கட்லாவும் அப்படியே கொடுக்கலாம். நன்னீர் இறாலையும் கொடுங்கள், தலையை நீக்கிவிட்டு. குளங்களில் குஞ்சு விடும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பெரும்பாலும் இவற்றைத்தான் விடுகிறது என்பது நல்ல காலம். கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் குளத்து மீனை இளக்காரமாகப் பார்ப்பது இன்னும் போகவில்லை. அதற்கு எந்த நியாயமும் இல்லை.

விரால், வாளை, விலாங்கு மற்ற மீனைத் தின்பவை. விரால் நல்ல மீன்தான், மாமி சொன்னதில் பிழையில்லை. ஆனால் மகளுக்கு முழங்கை நீளத்து விரால் வேண்டாம். நடுத்தர அளவில் கிடைத்தால் கிழமையில் ஒரு நாள் போதும். பெரிய வாளையைப் பிள்ளை பிறந்து பால் மறக்கும் வரை தள்ளி வையுங்கள்.

சுறா பற்றித்தான் மாமியோடு நீங்கள் கதைக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறையும் சுறாப்புட்டும் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கடலின் உச்சியில் நின்று மற்ற மீனைத் தின்னும் சுறாவிலும் தளபத்திலும் மெதைல் பாதரசம் அதிகம். அது சதையிலேயே ஊறி நிற்பதால் வெட்டி எறிய வழியில்லை. கருவிலும் கைக்குழந்தையிலும் வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை அது தாக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956இல் தெரியவந்த பெருந்துயரம் இதனால் நேர்ந்ததுதான். 50 கிலோ எடைக்குக் கிழமைக்கு 80 மைக்ரோகிராம்தான் தாங்கும் அளவு. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் பாதரசம் உள்ள மீனில் 150 கிராம் தின்றாலே 75 போய்விடும். பெரிய சுறாவில் அதற்கு மேலும் இருக்கலாம். ஆகவே பெரிய சுறா, தளபத்து இரண்டும் மகளுக்கு இப்போதும் வேண்டாம், பாலூட்டும் காலத்திலும் வேண்டாம். சூடை, சாளை போன்ற சின்ன மீனும் திலாப்பியாவும் முருங்கை இலையும் கொடுங்கள். பால் சுரக்க இவை தாராளம்.

உங்கள் கணவர் எந்த வாய்க்காலில் வலை போடுகிறார் என்று எழுதவில்லை. அதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. குளத்து மதகிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் ஒன்று. வயலில் பாய்ந்து முடிந்த தண்ணீர் வடியும் கழிவு வாய்க்கால் வேறு. களைநாசினியும் பூச்சிமருந்தும் முதலில் வந்து சேருவது இரண்டாவதில். காலபோகத்தில் விதைத்து மருந்து அடிக்கும் கிழமைகளிலும், அடித்த பிறகு பெய்யும் முதல் பெருமழைக்கும், கழிவு வாய்க்கால் மீனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அந்தத் தண்ணீர் போய் விழும் சின்னக் குளத்து மீனையும் இரண்டு கிழமைக்கு விடுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களில் தண்ணீர் நிறைந்து நிற்கும் காலத்து மீன் எனக்கு அதிகம் நம்பிக்கை தருகிறது. நகரத்துச் சாக்கடையும் கராஜ் எண்ணெயும் இறங்கும் குளத்து மீன் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

செத்து மிதக்கும் மீனையும், மயங்கித் திரிந்து கையால் பிடிபடும் மீனையும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது விடியற்காலையில் ஒட்சிசன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அதுவும் மருந்து பட்டதும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் பாசி படர்ந்திருந்தால், அது நஞ்சு சுரக்கும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அந்த நஞ்சு மீனின் ஈரலிலும் குடலிலும் சேரும், கொதிக்க வைத்தாலும் அழியாது. பாசி கலையும் வரை அந்தக் குளத்தை விடுங்கள். நஞ்சு கலந்து மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தால் மீனவர் சங்கத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லத் தயங்காதீர்கள்.

வீச்சுவலை என்றதும் இன்னொரு கேள்வி. வலைக்கு ஈயக்குண்டு எங்கே வார்க்கிறார்? பழைய பற்றரி ஈயத்தைக் குசினி அடுப்பில் உருக்கி வார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். குளத்து மீன் பல மாதத்தில் தராத ஈயத்தை அந்தப் புகை ஒரே நாளில் தரும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. அது தாயின் இரத்தத்திலிருந்து கருவுக்கும் போகும். வார்த்த குண்டை வாங்கிக் கட்டட்டும். உருக்கிய சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கவும் கூடாது. வலையைக் கையாண்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். போர் நடந்த எங்கள் மண்ணில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: வலையில் துருப்பிடித்த இரும்பு ஏதும் சிக்கினால், ஈயமோ பித்தளையோ தேறும் என்று தட்டிப் பார்க்காமல் வலையை வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

மைத்துனருக்கு இந்தப் பதில் பொருந்தாது. டயாலிசிஸ் செய்பவர் எவ்வளவு மீன் சாப்பிடலாம் என்பதை அவருடைய கிளினிக்தான் அளந்து சொல்ல வேண்டும். கருவாட்டை மட்டும், உப்புக்காக, அவர் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டில் நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். மீனைவிட அந்தத் தண்ணீரைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்.

கடைசியாக, இதை வாசிக்கும் கமக்காரத் தம்பிமாரிடமும் ஒரு வேண்டுகோள். மருந்து அடித்து முடிந்ததும் தெளிகருவியை வாய்க்காலில் இறக்கிக் கழுவாதீர்கள். வெற்றுப் போத்தலைக் குளக்கட்டில் எறியாதீர்கள். வயலுக்குள்ளேயே கழுவி, அந்தத் தண்ணீரை அடித்த நிலத்திலேயே ஊற்றுங்கள். கீழ்க்குளத்தில் யாரோ ஒருவர் அன்று பின்னேரம் வலை போடுவார், அந்த மீன் ஒரு கர்ப்பிணியின் கோப்பைக்குப் போகும்.