குட்டிகளுக்கு வேண்டிய சூடு

பன்றி வளர்ப்புக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுங்கால் நாம் அடிக்கடி காணும் குறிப்பு ஒன்றுண்டு: “ஈன்றவை பத்து, தாய் நசுக்கி இறந்தவை மூன்று.” படித்தவுடன் இது தாய்ப்பன்றியின் குற்றமாகவே தோன்றும். ஆயினும் இவ்வாறு எழுதப்படும் குட்டிகளில் பல, உண்மையில் குளிரால் மாண்டவையே.

பிறந்த குட்டி ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உடலில் கொழுப்பு மிகக் குறைவு, மயிரும் அடர்ந்திராது, நனைந்தபடியே தரையில் விழுகிறது. குளிர்ந்த குட்டி சோர்ந்து, முலையை நாடாது. சீம்பால் குடியாமையால் மேலும் குளிரும். பின்னர்ச் சூட்டை நாடித் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். தாய் புரளும்போது விலகி ஓட அதற்கு வலுவிராது. நசுக்கியது தாயே, நசுங்கும் நிலைக்குக் குட்டியைக் கொணர்ந்தது குளிர்.

அப்படியாயின் கொட்டில் முழுவதையும் சூடாக்கலாமே எனின், அது கூடாது. முதல் சில நாட்களில் குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும்; தாய்க்கோ 20 டிகிரியை ஒட்டிய வெப்பமே சுகம். கொட்டில் முழுதும் சூடேறினால் தாய் மூச்சு வாங்கித் தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். எனவே சூடு ஒரு மூலையில் மட்டும் இருத்தல் வேண்டும். தாய் நுழைய முடியாதபடி நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பலகைப் பெட்டி ஒன்று பத்துக் குட்டிகளுக்கு முதலில் போதும். குட்டி நுழைய ஒரு வழிவிட்டு, அதற்குச் சாக்குத் திரை தொங்கவிடலாம்.

படுக்கைக்கு நறுக்கிய வைக்கோல் சிறந்தது. குளிரைத் தடுப்பது நூலன்று, நூலிடையே அகப்பட்ட காற்றே என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர். வைக்கோலும் அவ்வாறே வேலை செய்கிறது. நனைந்துவிட்டாலோ அது குட்டியின் சூட்டை உறிஞ்சும். சென்ற மார்கழியில் நாம் சென்ற ஒரு பண்ணையில் விளக்கு நன்றாகவே எரிந்தது, குட்டிகள் நடுங்கின. வைக்கோலினுள் கையை விட்டுப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியின் கசிவு அடியில் ஊறியிருந்தது. அன்றே வைக்கோலை மாற்றினார்கள். தினம் ஒருமுறை கைவிட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

நூறு வாட் சூட்டு விளக்கைப் படுக்கைக்கு மேல் ஒன்றரை அல்லது இரண்டடி உயரத்தில் தொங்கவிடலாம். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது; அது வெளிச்சம் தருமேயன்றிப் போதிய சூடு தராது. விளக்கை மின்கம்பியால் கட்டாமல் சங்கிலியால் கட்டுக. அறுந்து வைக்கோலில் விழுந்தால் கொட்டிலே எரிந்துபோகும். இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒன்றேகால் யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும்; பதினான்கு இரவுகளுக்குப் பதினேழு யூனிட். இறந்துபோகும் ஒரு குட்டியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.

சூடு சரியா என்பதைக் குட்டிகளே தெரிவிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்திருந்தால் விளக்கைத் தாழ்த்துக. ஓரங்களில் விலகிக் கிடந்தால் உயர்த்துக. பக்கம் பக்கமாக நீட்டிப் படுத்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. வாரந்தோறும் இரண்டு டிகிரி அளவு குறைத்து வருதல் போதும்.

சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பதால் ஈனும் நாளை முன்னரே கணித்து, அதற்கு முந்திய நாளே விளக்கேற்றிப் படுக்கையைச் சூடாக்கி வைக்க வேண்டும். குட்டி விழுந்தவுடன் உலர்ந்த கழிவுத் துணியால் துடைத்து முலையில் விடுக. வயிறு நிறைந்தபின் பெட்டிக்குள் விடுக.

அடுத்த ஈற்றிலிருந்து, இறந்த குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அதன் வயிற்றில் பால் இருந்ததா என்பதையும் அன்றிரவு விளக்கு எரிந்ததா என்பதையும் கணக்கில் தனித்தனியே எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.