விடுதி சாம்பியனுக்கு லீக்கில் இடம் உண்டா?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கிறேன். விடுதியில் டேபிள் ஃபுட்பாலில் என்னை ஜெயிக்க ஆளில்லை. இதற்கு முறையான போட்டிகள் உண்டா? எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், ஹாம்பர்க்

பதில்: சரியான ஊரில்தான் இருக்கிறீர்கள். 2017-இல் உலகக் கோப்பையே அங்கேதான் நடந்தது. முதலில் ஒரு கிளப்பில் சேருங்கள். ஹாம்பர்க்குக்குத் தனி மாநிலச் சங்கம் இருக்கிறது, லீக் நடத்துகிறது. மாநிலச் சங்கங்களுக்கு மேலே தேசியச் சம்மேளனம். புண்டஸ்லிகா அதன் கையில். ஆமாம், கால்பந்தைப் போலவே இதற்கும் புண்டஸ்லிகா!

எல்லாவற்றுக்கும் மேலே, 2002-இல் பிரான்சில் தொடங்கிய சர்வதேசச் சம்மேளனம். அது அங்கீகரிக்கும் போட்டிகளில் ஆடினால் உலகத் தரவரிசைக்குப் புள்ளிகள் கிடைக்கும்.

ஒரு சிக்கல் மேசைதான். பிரெஞ்சு போன்சினி மேசையில் பந்து மிருதுவானது, கோல்கீப்பர் ஒருவர். அமெரிக்க டோர்னேடோவில் பந்து கடினம், கோல் பக்கக் கம்பியில் மூன்று பொம்மைகள். ஒன்றில் புலி, இன்னொன்றில் பூனை ஆகிவிடுவது சகஜம். ஜெர்மானியத் தயாரிப்பான லியோன்ஹார்ட்டில் பழகுங்கள்.

இன்னொன்று, கம்பியைக் காற்றாடி போலச் சுழற்றுகிறவரா நீங்கள்? அடிக்கு முன்னோ பின்னோ ஒரு முழுச் சுற்றைத் தாண்டினால் கோல் செல்லாது. ஐந்து பொம்மைகள் உள்ள நடுக்கம்பியில் பந்தைப் பத்து விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, மற்றவற்றில் பதினைந்து. விடுதி நண்பர்களிடம் இன்றே இந்த விதிகளோடு ஆடிப் பாருங்கள். அப்போதும் ஜெயித்தால் கிளப் கதவைத் தட்டலாம்.