‘இல்லை’ என்பதும் பதில் சொல்லாமல் இருப்பதும்: தடுப்பதிகாரத்தைக் கற்பித்தல்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசு, மாநில அரசு பற்றி நடத்தும்போது ஒரு செய்தி வந்துபோகும். மசோதா சட்டமாக வேண்டுமானால் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் “ஒப்புதல் தராவிட்டால் என்ன சார் ஆகும்?” என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சிவகாசி வட்டாரத்தில் சமூக அறிவியல் கற்பிக்கும் நான் இந்தக் கேள்விக்கு மூன்று பாடவேளைகள் ஒதுக்குகிறேன். அவற்றில் செய்வதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: தடுப்பது தவறா?

‘வீட்டோ’ என்பது லத்தீன் சொல். ‘நான் தடுக்கிறேன்’ என்பது அதன் பொருள். பண்டைய ரோமில் சாமானிய மக்களின் பிரதிநிதிகளாக டிரிபியூன்கள் இருந்தார்கள். ஆட்சியாளர்களின் முடிவு மக்களைப் பாதிக்கும் என்று தோன்றினால் அவர்கள் அதைத் தடுத்து நிறுத்தலாம். எளியவர்களைக் காக்கும் கருவியாகத்தான் இந்த அதிகாரம் அங்கே இருந்தது. இன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளிடம் அது இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே கருவியின் தன்மை மாறுவதை மாணவர்கள் இங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் மாணவர்களுக்கு இதை விளக்க ரோம் வரை போக வேண்டியதில்லை. பலருடைய அம்மாவோ அப்பாவோ பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். மருந்து அறையில் அளவுக்கு மீறி ஆள் கூடினால் போர்மேன் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்துகிறவர் இருந்தால் உயிர் தப்பும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகவே தடுக்கும் அதிகாரம் கெட்டது என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து ஆலை உரிமம் பற்றிக் கேட்கிறேன். ‘இந்தக் குறை இருக்கிறது, சரிசெய்து மீண்டும் விண்ணப்பியுங்கள்’ என்று பதில் வந்தால் என்ன செய்யலாம்? குறையைச் சரிசெய்யலாம். எந்தப் பதிலும் வராவிட்டால்? “சும்மா இருக்க வேண்டியதுதான் சார். வேலையும் இருக்காது” என்றார் ஒரு மாணவி. கரும்பலகையில் இரண்டு தலைப்புகள் எழுதினேன்: ‘இல்லை என்ற பதில்’, ‘பதிலே இல்லை’. அடுத்த இரண்டு பாடவேளைகளும் இந்த இரண்டு தலைப்புகளின் கீழ்தான் நடக்கின்றன.

இரண்டாம் பாடவேளை: சட்டம் என்ன சொல்கிறது?

குடியரசுத் தலைவருக்கு அரசமைப்பின் 111ஆவது பிரிவும், ஆளுநருக்கு 200ஆவது பிரிவும் வழிகாட்டுகின்றன. ஆளுநரிடம் வரும் மசோதாவுக்கு அவர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம் அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கலாம். பண மசோதா அல்லாததை மறுபரிசீலனைக்காகத் திருப்பி அனுப்பலாம். அதைக் கூடிய விரைவில் செய்ய வேண்டும். திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால், அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. குடியரசுத் தலைவருக்குப் போன மாநில மசோதாவின் நிலை வேறு. 201ஆவது பிரிவின்படி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினாலும் ஒப்புதல் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

பிரிவு எண்களை விட நிகழ்வுகள் மனத்தில் நிற்கும். மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதல் நிகழ்வு 2006இல் நடந்தது. ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவை மறுபரிசீலனை செய்யுமாறு ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். அவர் ஐயத்தைச் சொன்னார், அவை தன் முடிவைச் சொன்னது, கடைசிச் சொல் அவையுடையதாக இருந்தது.

இரண்டாவது, அஞ்சல் துறைத் திருத்த மசோதா. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா என்று அது எதிர்க்கப்பட்டது. 1986இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அதன் மீது குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் எந்த முடிவும் எடுக்கவில்லை. 1987இல் அவருடைய பதவிக்காலமே முடிந்துவிட்டது. இதைத்தான் ‘பாக்கெட் வீட்டோ’ என்கிறோம். பின்னர் 1990இல் ஆர். வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார்.

மூன்றாவது நம் மாநிலத்தது. ஜல்லிக்கட்டுக்கான திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2017 ஜனவரி 23 அன்று நிறைவேற்றியது. அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவருக்குச் சென்ற அந்த மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அவையில் தெரிவித்தார். இரண்டு மசோதாக்களின் நாள்களையும் காலக்கோட்டில் குறிக்கச் சொன்னேன். ஒரு கோடு விரல்கடை நீளம், மற்றொன்று நோட்டின் ஓரம் வரை போனது. எது சரி, எது தவறு என்று நான் சொல்லவில்லை. கோடுகளின் நீளமே அவர்களைப் பேசவைத்தது.

மூன்றாம் பாடவேளை: வகுப்பே சட்டமன்றம்

வகுப்பை இரண்டு அவைகளாகப் பிரித்தேன். மதிய இடைவேளையில் நூலகம் திறந்திருக்க வேண்டும் என்பது மசோதா. ஒவ்வோர் அவைக்கும் ஒரு மாணவர் ஆளுநர். முதல் ஆளுநரிடம், ஏற்க முடியாவிட்டால் காரணம் எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். இரண்டாமவரிடம், தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று மட்டும் சொல்லுமாறு தனியே சொல்லியிருந்தேன்.

முதல் ஆளுநர் எழுதிய காரணம்: ‘புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?’ அந்த அவை முணுமுணுத்தது. பிறகு நாளுக்கு இருவர் பொறுப்பு என்று முறைப்பட்டியல் சேர்த்து மசோதாவை மீண்டும் நிறைவேற்றியது. முதலில் எழுதியதைவிட அது நல்ல மசோதா.

இரண்டாம் அவை முதல் நாள் சண்டை போட்டது. மறுநாள் இருவர் மட்டும் கேட்டார்கள். மூன்றாம் நாள் யாருமே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். “கேட்டு என்ன சார் ஆகப்போகுது?” என்றார்கள். இந்தப் பாடத்தில் மாணவர்கள் உணர வேண்டியது இதுதான். காரணத்தோடு வரும் மறுப்பு ஒரு சட்டத்தைச் செம்மையாக்கும். பதிலில்லாத மௌனம், கேட்கும் பழக்கத்தையே மக்களிடமிருந்து எடுத்துவிடும். இன்னும் மூன்று ஆண்டுகளில் வாக்காளராகப் போகிறவர்கள் அந்தப் பழக்கத்தை இழந்துவிடக் கூடாது.

சர்ச்சையை எப்படிக் கையாள்வது?

“நம்ம ஊர்லயும் இந்த வழக்கு நடந்துச்சே சார், யார் பக்கம் சரி?” என்ற கேள்வி நிச்சயம் வரும். நழுவவும் வேண்டாம், கட்சி பேசவும் வேண்டாம். நாள்களையும் தீர்ப்புகளையும் வரிசையாக வையுங்கள்.

2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். நவம்பர் 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டத்தில் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நடவடிக்கை செல்லாது என்றது. 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றதோடு, முடிவெடுக்கக் காலவரையறையும் வகுத்தது. பின்னர் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளுக்கு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரை வழங்கியது. நீதிமன்றம் காலவரையறை விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறைக்கும் இடமில்லை என்றது. அதே சமயம், மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு வழியில்லை என்றும், விளக்கமில்லாத நீண்ட தாமதம் ஏற்பட்டால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் சொல்லலாம் என்றும் கூறியது.

இரண்டு அமர்வுகளும் எதில் மாறுபடுகின்றன, எதில் ஒன்றுபடுகின்றன என்று மாணவர்களையே அட்டவணை போடச் சொல்லுங்கள். மாறுபாடு காலவரையறையில். முடிவே எடுக்காமல் காலவரையின்றி வைத்திருப்பதை இரண்டுமே ஏற்கவில்லை. கரும்பலகையின் இரண்டாம் தலைப்பை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.

ஒப்படைப்பு

நம் மாவட்டத்து இராசபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா, 1950இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிறகு ஒடிசாவின் ஆளுநர். மசோதாவை அனுப்பும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் இருந்த மனிதர். மாணவர்களை இரண்டு கடிதங்கள் எழுதச் சொல்லுங்கள். முதலமைச்சராக ஆளுநருக்கு ஒன்று: ‘இந்தச் சட்டம் ஏன் தேவை?’ ஆளுநராகச் சட்டமன்றத்துக்கு ஒன்று: ‘இதை ஏன் திருப்பி அனுப்புகிறேன்?’ சட்டம் எதுவாக இருக்கலாம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

மதிப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றே. இரண்டாம் கடிதத்தில், மறுத்தவர் எதைச் சரிசெய்தால் ஒப்புக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் அந்த மாணவருக்குத் தடுப்பதிகாரம் புரிந்துவிட்டது.