கடைசி வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் வர வேண்டும்



குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது: "முதல் தெருவுல தண்ணி கொட்டுது, எங்க தெருவுக்குக் காத்துதான் வருது." டேங்க் நிறைந்தும் ஏன் இப்படி? இந்த மாதப் பாடத்தில் தெரிந்துகொள்வோம்.

தண்ணீர் வரும் வழி

போரிலிருந்து மோட்டார் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து தெருவுக்கு மோட்டார் கிடையாது. உயரத்தில் நிற்கும் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. பக்கத்திலும் பள்ளத்திலும் உள்ள குழாய்களுக்கு வேகமாக வரும். தூரத்திலும் மேட்டிலும் உள்ள குழாய்களுக்கு வேகம் குறையும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கிடைக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். 30,000 லிட்டர் டேங்க் ஒருமுறை நிறைந்தால் சுமார் 545 பேருக்குப் போதும். உங்கள் ஊருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கே தடைபடுகிறது?

1. எல்லாத் தெரு வால்வையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசித் தெருவுக்கு வேகம் இருக்காது.

2. சிலர் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைக்கிறார்கள். தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் பைப்புக்குள் போய்விடும்.

3. சிலர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இது விதிக்குப் புறம்பானது. சாக்கடை ஓரத்தில் பைப் விரிசல் விட்டிருந்தால் சாக்கடையும் சேர்ந்து உள்ளே இழுபடும். வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு இப்படித்தான் பரவுகின்றன. மோட்டார் வைத்த வீட்டுப் பிள்ளையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

மோட்டார் வைத்திருப்பவர் நம் குழு உறுப்பினராகவே இருக்கலாம். சண்டை போட்டால் குழு உடையும். பேசாமல் விட்டால் கடைசித் தெருப் பெண்கள் குடத்தோடு வயல்காட்டுக்கு அலைவார்கள், கூலி வேலையும் போகும். அதனால் ஆளைக் குறை சொல்லாமல் அளவைக் காட்டிப் பேசுவோம்.

* முதல் குழாயிலும் கடைசிக் குழாயிலும் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள்.
* அதைக் குழுக் கூட்டத்தில் படியுங்கள். முதலில் நம் உறுப்பினர்கள் மோட்டாரை எடுக்கட்டும், குழியை மூடட்டும். பிறகு ஊரிடம் கேட்க நமக்கு வாய் வரும்.
* தெருவுக்கு ஒரு நேரம் என்று வால்வை முறைவைத்துத் திறக்கும்படி டேங்க் ஆபரேட்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கேளுங்கள்.
* டேங்க் கழுவிய தேதியையும், குளோரின் போடுகிறார்களா என்பதையும் கேளுங்கள். கடைசிக் குழாய்த் தண்ணீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பரிசோதனைப் பெட்டியில் பார்க்கப் பயிற்சி பெற்ற பெண்கள் ஊரில் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.
* தீராவிட்டால் கிராம சபையில் எழுத்தில் கொடுத்துத் தீர்மானம் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம்.

குழுவில் பேச: நம் ஊரில் கடைசிக் குழாய் யார் வீட்டில் இருக்கிறது? அவருக்கு நேற்று எத்தனை குடம் கிடைத்தது?