இரசாயனவியலைக் கற்கும் முறை

விக்ரோறிய மாநிலத்தில் பன்னிரண்டாம் ஆண்டில் இரசாயனவியலைப் பயிலும் நம் பிள்ளைகள், அதனைத் தாமே விரும்பித் தெரிவுசெய்தனரா, அன்றிப் பெற்றோரின் மருத்துவக் கனவுக்காகத் தெரிவுசெய்தனரா என்ற வினாவை நாம் இங்கு எழுப்பவில்லை. எழுப்பினால் இம்மலரின் பக்கங்கள் போதா. எவ்வாறாயினும், புள்ளிகள் குறைந்ததும் வீட்டில் எழும் முதற்குரல் "இன்னும் கூடநேரம் இருந்து படி" என்பதே. பல மாணவரிடத்து நாம் கண்ட குறை நேரத்தில் அன்று, முறையிலேயே உள்ளது.

ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் உண்டாகும் தாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டில் ஐதரசனுக்கு இரண்டு, ஒட்சிசனுக்கு ஒன்று. 8 கிராம் ஐதரசன் முற்றாக எரிய எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என வினவினால், பாடநூலை மும்முறை வாசித்த மாணவனும் 4 கிராம் என எழுதிவிடுகின்றான். சமன்பாடு காட்டுவது திணிவுகளின் விகிதத்தை அன்று, மூல்களின் விகிதத்தையே. டசின் என்பது 12 ஐக் குறிப்பதுபோல, மூல் என்பதும் ஓர் எண்ணிக்கையே. 2019 ஆம் ஆண்டு முதல் அது சரியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள் என வரையறுக்கப்பட்டுள்ளது. 1 மூல் ஐதரசன் வாயுவின் திணிவு 2 கிராம். ஒட்சிசன் வாயுவினது 32 கிராம். எனவே 8 கிராம் ஐதரசன் 4 மூல். அதற்கு வேண்டியது 2 மூல் ஒட்சிசன், அதாவது 64 கிராம். மாணவனின் விடை பதினாறில் ஒரு பங்கே!

இத்தகைய பிழை வாசிப்பினால் நீங்குவதில்லை. நூலை மூடிவைத்து, வெறுந்தாளில் தானே செய்து பார்த்தல் வேண்டும். பிழைத்த கணக்கைக் கிழித்தெறியாது, அதற்கெனத் தனிக் கொப்பி ஒன்றில், எவ்விடத்தில் ஏன் பிழைத்தது என ஒரு வரி எழுதிவைத்து, ஒரு வாரத்தின் பின் மீண்டும் செய்து பார்க்கலாம். மில்லிலீற்றரை லீற்றராக்க மறந்த பிழையே அக்கொப்பியில் அடிக்கடி தலைகாட்டும்.

பரீட்சை மண்டபத்தில் தரவுக் கைநூல் வழங்கப்படும். ஆவர்த்தன அட்டவணையும் அதிலுண்டு. ஆதலால் அணுத்திணிவுகளை மனனஞ்செய்து களைக்க வேண்டியதில்லை. எது எப்பக்கத்தில் உள்ளது என்பதைப் பழகிக்கொண்டாற் போதும். மாநிலப் பாடத்திட்ட மதிப்பீட்டு அதிகாரசபை, கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களையும் பரீட்சகர் அறிக்கைகளையும் இலவசமாகவே வெளியிடுகின்றது. வினாத்தாள்களைத் தேடிப்பிடிக்கும் பெற்றோர் அறிக்கைகளை ஏனோ கவனிப்பதில்லை. மாணவர் எங்கே வழுக்குகின்றனர் என்பதை வினாவாரியாகக் கூறுவன அவையே. தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அவற்றை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

தமிழில் உயர்தரம் பயின்ற பெற்றோர் சிலர், ஆங்கிலக் கலைச்சொற்கள் தெரியாவே என ஒதுங்கிவிடுகின்றனர். மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வெளிவந்தது. நமக்கேன் தயக்கம்? பிள்ளை அன்று கற்றதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல் கிடைக்காது தடுமாறினால் ஆங்கிலச் சொல்லையே வழங்கட்டும். "அது அப்படித்தான் அம்மா" என்று தாவிச் செல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். தமிழ்ப் பாடசாலை விட்டு வீடு திரும்பும் கார்ப் பயணமே இதற்குப் போதுமானது.