அந்த முதல் கணவர் எங்கே போனார்?

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். விவாகரத்தான ஒரு அம்மா, விவாகரத்தான ஒரு அப்பா, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரே பாத்ரூம். சண்டைகள் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பெற்ற மற்ற இருவர் எங்கே இருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கம்வரை ஒரு வரிகூட இல்லையே!

இந்த வகைக் கதைகளில் பெயர்போனது 'தி பிரேடி பஞ்ச்'. அமெரிக்காவின் ஏ.பி.சி. சேனலில் 1969 செப்டம்பர் 26 அன்று தொடங்கியது. மூன்று பையன்களோடு மைக், மூன்று பெண்களோடு கேரல். மைக்கின் முதல் மனைவி இறந்துவிட்டாள். கேரலை விவாகரத்து ஆனவளாகக் காட்டத்தான் தொடரை உருவாக்கிய ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் ஆசைப்பட்டார். சேனல்காரர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் அவள் கணவர் செத்தாரா, பிரிந்தாரா என்றே சொல்லாமல் 117 எபிசோடுகளை ஓட்டிவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் அப்பாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. இத்தனைக்கும் கதை நடப்பது கலிஃபோர்னியாவில். யார்மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்தில் அந்த மாநிலத்தின் கவர்னர் ரொனால்ட் ரீகன் கையெழுத்துப் போட்டதும் அதே செப்டம்பரில்தான். (ரீகனும் விவாகரத்து ஆனவர்தான். முன்னாள் நடிகர் வேறு!)

சொன்னால் மட்டும் போதுமா? சின்னப் பிள்ளைகளுக்கான 'செஸமி ஸ்ட்ரீட்' தொடர் 1992-இல் பட்ட பாட்டைக் கேள். யானை மாதிரி இருக்கும் ஸ்னஃபி என்ற பொம்மையின் பெற்றோர் பிரிவதாக ஒரு எபிசோடு எடுத்தார்கள். ஒளிபரப்பும் முன் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பாவுக்கு உன்மேல் பாசம் குறையவில்லை என்று கதையில் சொல்லியும், ஸ்னஃபியின் அப்பா ஓடிப்போய்விட்டார் என்றும், வீட்டில் சண்டை வந்தாலே விவாகரத்துதான் என்றும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டன. எபிசோடைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். 2012-இல் மறுபடி தொட்டபோது வழியை மாற்றினார்கள். ஆபி என்ற பொம்மைக்குப் பெற்றோர் பிரிந்து வெகுநாளாகிவிட்டது. அவள் இரண்டு வீடுகளை வரைந்து காட்டுகிறாள்: இது அம்மாவோடு இருக்கும் வீடு, அது அப்பாவோடு இருக்கும் வீடு. பிள்ளை கேட்க நினைத்ததெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது.

நீ பார்க்கவேண்டியது டிஸ்னி சேனலில் 2017-இல் வந்த 'ரேவன்ஸ் ஹோம்'. விவாகரத்தான இரண்டு தோழிகள், தங்கள் பிள்ளைகளோடு சிகாகோவில் ஒரே வீட்டில். அவர்களில் ஒருத்தி ரேவன். இதற்கு முன்பு அவளை வைத்து வந்த தொடரில் அவளுடைய காதலனாக வந்த டெவன் இதில் அவளுடைய முன்னாள் கணவன். அவன் வில்லன் இல்லை. வருகிறான், பிள்ளைகளைப் பார்க்கிறான், பகடிக்கும் ஆளாகிறான். வந்துபோகிற ஆளை வைத்துத்தான் நகைச்சுவை எழுத முடியும். வராத ஆளை வைத்து என்ன எழுதுவாய்?

இன்னொன்று. பிரிந்தவர்களைப் பிள்ளைகளே சேர்த்துவைக்கும் கதை வேண்டவே வேண்டாம். 1961-இல் டிஸ்னி எடுத்த 'தி பேரண்ட் ட்ராப்', அதையொட்டி 1965-இல் நம் ஏ.வி.எம்.மின் 'குழந்தையும் தெய்வமும்'. குட்டி பத்மினியின் இரட்டை வேடத்தை இன்றைக்கும் ரசிப்பேன். ஆனால் சமத்தாக நடந்துகொண்டால் அப்பா திரும்பி வந்துவிடுவார் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளை அதைப் பார்த்தால், சேர்த்துவைக்கும் வேலையும் தன் தலையில்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

உன் மூன்றாவது காட்சியில் சனிக்கிழமை காலை நான்கு பிள்ளைகளும் தோசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பெரியவளின் அப்பா அவளை அழைத்துப்போக வாசலில் வந்து நிற்கட்டும். உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று புது அப்பா கரண்டியோடு தவிக்கட்டும். தோசையை அவருக்கும் போடுவார்களா என்று நீயே முடிவு செய். எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா